வில்லையின் மேல் ஒரு வெண்தூள்

டோம்பிவிலியில் புரை அறுவை செய்துகொண்டு வந்த எழுபது வயதுக்காரர் யாருடைய கேஸ் பேப்பரையாவது வாங்கிப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் அவரை 'மோதிபிந்து பேஷண்ட்' என்று கூப்பிட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அது 'காட்ராக்ட்' ஆகிவிடும். ஊரிலிருந்து போனில் விசாரிக்கும் அத்தைக்கு வெறும் 'கண் ஆபரேஷன்'. தாளில் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கண் அழுத்தம், வைக்கப்போகும் லென்ஸின் பவர் எல்லாம் வரிசையாக இருக்கும். சிலருடைய தாளில் மட்டும் இவற்றுக்கு நடுவே பி.எக்ஸ்.எஃப். என்று மூன்று எழுத்து கிறுக்கியிருக்கும். அதற்கு மராத்தியிலும் பெயர் கிடையாது, தமிழிலும் கிடையாது. வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. 'கொஞ்சம் ரிஸ்க் உண்டு' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

அந்த மூன்று எழுத்தும் ஒரு தூளைக் குறிக்கின்றன. வயதானவர்களின் கண் வில்லை மீது படியும் வெண்மையான, கண்ணுக்கே தெரியாத தூள். இது எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளில் நான்கைந்து விடைகள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் தூளின் பிறப்பிடத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

முதலில் தூள் விழும் இடத்தைப் பார்த்துவிடலாம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஓர் உறைக்குள் இருக்கிறது. நிறமில்லாத, ரத்தக்குழாயோ நரம்போ இல்லாத சவ்வு அது. முன்பக்க நடுவில் அதன் தடிமன் சுமார் 14 மைக்ரான். பின்பக்க நடுவில் 4 மைக்ரானைத் தாண்டாது. நம் உடம்பில் இந்த வகைச் சவ்வுகள் எல்லா உறுப்புகளிலும் உண்டு, ஆனால் இவ்வளவு தடிமனாக வேறெங்கும் இல்லை. உறையின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரே ஒரு வரிசைச் செல்கள் உட்கார்ந்துகொண்டு வாழ்நாள் முழுக்க அதைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. உறையின் ஓரத்தைச் சுற்றி மிக மெல்லிய நார்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கின்றன. வில்லை அந்தரத்தில் நிற்பது இந்த நார்களால்தான். உறையும் நாரும் நன்றாக இருக்கும்வரை அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கதை ஹெல்சின்கியில் தொடங்குகிறது. ஆண்டு 1917. ஸ்வீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் ஸ்லிட் லாம்பை உலகுக்குக் காட்டி ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மெல்லிய கீற்றாக ஒளியைச் செலுத்தி, கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி அது. இன்று எந்தத் தெருமுனைக் கண் கிளினிக்கிலும் நாம் தாடையை ஊன்றி நெற்றியை முட்டவைத்து உட்காருகிறோமே, அதன் மூதாதை. ஜான் லிண்ட்பெர்க் என்ற இளம் மருத்துவர் வயதானவர்களின் பாவை விளிம்பில் நிறம் ஏன் உதிர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. பார்த்துக்கொண்டே போனபோது சிலருடைய பாவை விளிம்பில் பொடுகு உதிர்ந்து கிடப்பது போல வெளிர்ந்த துணுக்குகள் ஒட்டியிருப்பதைக் கண்டார். நாள்பட்ட குளுக்கோமா இருந்தவர்களிடம் அது அடிக்கடி தென்பட்டது. ஆய்வின் பொருள் வேறு. ஆனாலும் பார்த்ததை ஒழுங்காக எழுதிவைத்தார். ஸ்வீடிஷ் மொழியில் எழுதினார். பின்லாந்து தன் விடுதலையை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். ஊரே வேறு பரபரப்பில் இருந்தபோது இந்தத் துணுக்குகளை யார் கவனித்திருப்பார்கள்? அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் முழுதாக அச்சானது 1989-இல். எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

லிண்ட்பெர்க் கண்டார், காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னவர் சூரிச்சின் ஆல்ஃபிரட் ஃபோக்ட். ஸ்லிட் லாம்பில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் போட்ட படத்தொகுப்புகள்தான் ஐரோப்பாவின் கண் மருத்துவர்களுக்குப் பாடப்புத்தகம். 1925-இல் அவர் இந்தத் தூளை வில்லையின் முன்பக்க உறை மீதே பார்த்தார். வயது ஏற ஏற உறையின் மேல்தோல் உரிகிறது, உரிந்த செதில்தான் இந்தத் தூள் என்று முடிவு கட்டினார். அந்தச் செதில்கள் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வாய்க்காலை அடைப்பதால் குளுக்கோமா வருகிறது என்பது அவருடைய கணக்கு. அடைப்பு பற்றிச் சொன்னது சரியாகத்தான் இருந்தது. உரிகிறது என்றதுதான் தவறு.

அவர் அப்படி நினைத்ததில் நியாயமும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1922-இல், எல்ஷ்னிக் என்ற மருத்துவர் கண்ணாடி ஊதும் தொழிலாளிகளின் கண்ணில் உறை உண்மையாகவே உரிவதை எழுதியிருந்தார். ஆண்டுக்கணக்கில் உலையின் வெப்பத்துக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றவர்களுக்கு உறையின் மேலடுக்கு ஒரு மெல்லிய ஏடாகப் பிரிந்து, ஓரத்தில் சுருண்டு, கண்ணுக்குள் இருக்கும் நீரில் அசைந்துகொண்டிருக்கும். ஏடு கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். லிண்ட்பெர்க்கின் துணுக்கோ வெளுத்து, பொடிப்பொடியாக இருந்தது. அந்த முதியவர்கள் யாரும் உலை முன் நின்றவர்கள் அல்லர். வேறுபாடு கண்ணெதிரே இருந்தும், பெரிய மனிதர் சொன்னதால் 'உரிதல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் சிகாகோவின் ஜார்ஜியானா டுவோராக்-தியோபால்ட். ஸ்லிட் லாம்பில் பார்ப்பதோடு நிற்காமல், எடுக்கப்பட்ட கண்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றிப் பார்த்தவர். 1954-இல் அவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: தூளுக்கு அடியில் இருக்கும் உறை முழுதாக இருக்கிறது. தூள் அதன் மேல் படிந்திருக்கிறது. அது மட்டுமில்லை, வில்லையைத் தாங்கும் நார்கள் மீதும், நீர் சுரக்கும் இடத்திலும்கூட அதே பொருள் ஒட்டியிருக்கிறது. ஆகவே இது போலி உரிதல், 'சூடோஎக்ஸ்ஃபோலியேஷன்'. பி.எக்ஸ்.எஃப். என்ற மூன்று எழுத்து வந்த வழி இது. இல்லாத ஒன்றின் பெயருக்கு முன்னால் 'போலி' என்று சேர்த்து நோய்க்குப் பெயராக்கிய விசித்திரம் எனக்குச் சிரிப்பையே தருகிறது. இன்றும் ஒரு சாரார் 'போலி'யை வெட்டிவிட்டுப் பழைய பெயரையே எழுதுகிறார்கள்.

இங்கே ஸ்லிட் லாம்பில் அது எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பாவையை நன்றாக விரித்த பிறகு பார்த்தால், வில்லை உறையின் நடுவில் வெளிறிய வட்டத் தகடு ஒன்று. அதைச் சுற்றித் தூளே இல்லாத தெளிந்த வளையம். அதற்கும் வெளியே, ஓரம்வரை, சொரசொரப்பான வெண்பட்டை. நடுவில் அந்தத் தெளிந்த வளையம் எப்படி வந்தது? வெளிச்சம் கூடும்போதும் குறையும்போதும் பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் சுருங்கி விரிந்து உறையின் மீது உராய்கிறது. உராயும் இடத்தில் தூள் துடைக்கப்படுகிறது. பதிலுக்குத் தூளின் சொரசொரப்பு ஐரிஸின் பின்பக்க நிறமியைச் சுரண்டிவிடுகிறது. லிண்ட்பெர்க் தேடிக்கொண்டிருந்த 'நிறம் ஏன் உதிர்கிறது' என்பதற்கு விடை அவர் தற்செயலாகக் கண்ட தூளிலேயே இருந்தது. துடைக்கப்பட்ட தூளும் சுரண்டப்பட்ட நிறமியும் சேர்ந்து வெளியேறும் வாய்க்காலில் போய்ச் சேர்கின்றன. அழுத்தம் ஏறுகிறது. மராத்தி டாக்டர்கள் 'காச்பிந்து' என்று சொல்லும் குளுக்கோமா இந்தக் கண்களில் வழக்கத்தைவிட வேகமாகப் பார்வையைத் தின்பது இதனால்தான். பாவையை விரிக்காமல் அவசரமாகப் பார்த்தால் நடுத்தகடும் வளையமும் சேர்ந்து தெரியாது. தூள் இருப்பதே தப்பிவிடும்.

அடுத்த திருப்பம் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் வந்தது. அதற்கு உறை முழுதாகக் கிடைக்க வேண்டும். அந்தக் காலத்துப் புரை அறுவையில் வில்லையை உறையோடு அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. 1964-இல் நார்வேயின் பெர்டெல்சன் குழுவும், மறு ஆண்டில் லண்டனின் நார்மன் ஆஷ்டன் குழுவும் அப்படிக் கிடைத்த உறைகளைப் பார்த்தன. தூள் என்று பெயர் சொன்னது உள்ளே நுண்ணிழைகளாக இருந்தது. சில பத்து நானோமீட்டர் தடிமன். ஒன்றோடொன்று பின்னிக் கற்றையாகி, வரிவரியாகக் கோடு தெரியும் இழைகள். இழைகள் உறையின் மேல் மட்டும் இல்லை. உறையின் ஓரப்பகுதியில், அதைச் சுரக்கும் செல்களை ஒட்டி, உறைக்கு உள்ளேயே இழைக் குவியல்கள் கிடந்தன. சில இடங்களில் அவை உறையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தன. உறை உரியவில்லை; உறையைச் செய்யும் செல்களே தவறான சரக்கைச் சுரக்கின்றன என்ற எண்ணம் வலுத்தது. பெர்டெல்சன் நோய்க்கு வேறு பெயரே வைத்துப் பார்த்தார். வாயில் நுழையாத அந்த நீண்ட லத்தீன் பெயர் நிற்கவில்லை.

ஆனால் வில்லையை உறையோடு எடுத்தெறிந்த கண்களிலும், சில ஆண்டுகள் கழித்து, புதிதாகத் தூள் தென்பட்டது. செயற்கை லென்ஸ் வைத்த கண்களில் அந்தப் பிளாஸ்டிக் மீதே படிந்தது. அப்படியானால் வில்லையின் செல்கள் மட்டும் குற்றவாளி இல்லை. ஐரிஸும், நீர் சுரக்கும் சிலியரிப் பகுதியும், ரத்தக்குழாய்ச் சுவர்களும் அதே இழையை நெய்கின்றன.

அதோடு கண்ணைத் தாண்டவும் செய்தது. அமெரிக்காவின் பார்பரா ஸ்ட்ரீட்டன் 1980களில் இந்த இழைகளுக்கும் தோல், ரத்தக்குழாய் போன்றவற்றுக்கு மீள்தன்மை தரும் நுண்ணிழைகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டினார். 1992-இல் அவருடைய குழுவும், ஜெர்மனியின் எர்லாங்கனில் ஊர்சுலா ஷ்லோட்ஸர்-ஷ்ரேஹார்ட்டின் குழுவும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: இந்த நோயாளிகளின் இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், தோல் எல்லாவற்றிலும் அதே இழைகள். எழுபத்தைந்து ஆண்டுகள் கண் நோய் என்று படித்தது, உடம்பு முழுவதும் நடக்கும் ஒன்று. வெளியிலிருந்து பார்க்க வசதியாக ஒளி புகும் சவ்வு கண்ணில் மட்டும் இருப்பதால் அங்கே முதலில் அகப்பட்டது, அவ்வளவுதான்.

மரபணுவுக்கு வருவோம். 2007-இல் ஐஸ்லாந்து, ஸ்வீடன் நோயாளிகளை ஆராய்ந்த குழு ஒன்று 'சயன்ஸ்' இதழில் எல்.ஓ.எக்ஸ்.எல்.1 என்ற மரபணுவைக் காட்டியது. எலாஸ்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்கான குறிப்பு அதில் இருக்கிறது. ஸ்ட்ரீட்டன் சொன்னதற்கும் இதற்கும் முடிச்சு சரியாக விழுந்தது. மறு ஆண்டே சென்னை சங்கர நேத்ராலயாவில் தமிழ்நாட்டு நோயாளிகளின் ரத்தத்திலும் அந்தத் தொடர்பைச் சோதித்தார்கள், இருந்தது. கொண்டாட்டம் நீளவில்லை. நோயே இல்லாத பெரும்பாலானவர்களிடமும் அதே மரபணு வடிவம் இருப்பது தெரிந்தது. ஜப்பானியர்களிடமும் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடமும் ஆபத்தான வடிவம் எது, காப்பாற்றும் வடிவம் எது என்பது தலைகீழாக மாறியே போனது. பிறகு பல நாட்டு மாதிரிகளைச் சேர்த்து 2015-லும் 2017-லும் வந்த ஆய்வுகள் வேறு மரபணுக்களையும் பட்டியலில் சேர்த்தன. மரபணு கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே நுழைவது எது என்று அது சொல்லவில்லை.

வடக்கத்திய பனிநாடுகளின் நோய் என்ற எண்ணம் நீண்ட நாள் இருந்தது. ஸ்காண்டிநேவியர்கள் கண்டுபிடித்தார்கள், அவர்களே எழுதினார்கள், அதனால் வந்த எண்ணம். பின்லாந்தின் ஹென்ரிக் ஃபோர்சியஸ் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது, வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களிடம் மிக அதிகம், அதே குளிரில் வாழும் எஸ்கிமோக்களிடம் ஒருவரிடமும் இல்லை. வெயிலும் பனியில் எதிரொளிக்கும் ஒளியும் காரணம் என்பவர்கள் இந்த எஸ்கிமோக்களிடம் வந்து தடுக்கி விழுகிறார்கள்.

நம் பக்கம் எண்ணிப் பார்த்தது மதுரை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, தமிழகத்தின் மூன்று தென்மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரின் கண்ணைப் பார்த்தது. நூற்றுக்கு 6 பேருக்குத் தூள் இருந்தது. சென்னையைச் சுற்றிய கிராமங்களில் சங்கர நேத்ராலயா எண்ணியபோது கிடைத்தது 3.8 சதவீதம். இரண்டு ஆய்வுகளும் 2003-இல் வெளியாயின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும், அங்கிருந்து டோம்பிவிலிக்கும் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு இது அயலார் கணக்கு இல்லை. இளமையில் வயலிலும் களத்திலும் நின்றவர்கள், பிறகு முப்பது ஆண்டுகள் ஃபாஸ்ட் லோக்கலில் தொங்கியவர்கள், இப்போது அறுபதைத் தாண்டிக் கண் காட்டப் போகிறார்கள். வெளியில் வெயிலில் கழித்த காலத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் சொன்னது.

இன்னொரு சந்தேகப் பட்டியல்காரர் காப்பி. 2012-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, நாளுக்கு மூன்று கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடிப்பவர்களுக்கு இந்தவகைக் குளுக்கோமா வரும் வாய்ப்பு கூடுதல் என்றது. டீக்கு அப்படி இல்லையாம். செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் வைத்துச் செய்த ஆய்வு. தொடர்பைக் காட்டியதே தவிர காரணத்தை நிறுவவில்லை. அவர்களுடைய கோப்பையின் அளவும் நம் டபரா டம்ளரின் அளவும் வேறு. மாட்டுங்காவில் வரிசையில் நின்று சிக்கரி கலந்து அரைத்து வாங்கி வருபவர்கள் நிதானமாகவே குடிக்கலாம் என்பது என் கட்சி, மருத்துவக் கருத்து அல்ல.

அறுவை மேசைக்கு வரும்போது கதை வேறு மாதிரி வினோதமாகிறது. வில்லையை உறையோடு எடுத்த காலத்தில் தாங்கும் நார்கள் மருத்துவருக்கு இடைஞ்சல். நார் அறுந்தால்தான் வில்லை வெளியே வரும். 1950களின் இறுதியில் ஸ்பெயினின் பாராக்கேர் அந்த நார்களைக் கரைப்பதற்கென்றே ஒரு நொதியைக் கண்ணுக்குள் செலுத்தினார். உலகமே அதைப் பின்பற்றியது. தூள் படிந்த கண்ணில் நார்கள் முன்பே நைந்திருக்கும், ஆகவே வேலை சுலபம். நம் ஊர்க் கண் முகாம்களில் ஆயிரக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பிய தாத்தாக்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது. பிறகு காலம் திரும்பியது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த செயற்கை லென்ஸை இங்கேயே செய்து விலையை அடித்து இறக்கியது. செயற்கை லென்ஸ் உட்கார ஒரு பை வேண்டும். அந்தப் பை, பழைய உறைதான். இப்போது மருத்துவர் உறையின் முன்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் அளவு வட்டமாகக் கிழித்து, புரையை உறிஞ்சி எடுத்து, காலியான உறைக்குள் லென்ஸைச் செருகுகிறார். நார்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தலைமுறை கரைக்க விரும்பியதை அடுத்த தலைமுறை கெஞ்சிக் காக்க வேண்டியதாயிற்று. பி.எக்ஸ்.எஃப். என்று தாளில் எழுதும் பழக்கத்துக்கு அவசியம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

தூள் படிந்த கண்ணில் தொல்லை இரண்டு பக்கமிருந்து வரும். ஐரிஸ் தசைக்குள்ளும் இழைகள் புகுந்திருப்பதால் எத்தனை சொட்டு விட்டாலும் பாவை விரிய மறுக்கும். சின்னக் கொக்கிகளையோ வளையத்தையோ வைத்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நார்கள் உறையில் ஒட்டும் இடத்திலேயே இழைகள் முளைத்து அவற்றைத் தளர்த்தியிருக்கும். வில்லை லேசாக நடுங்குவதை அனுபவமுள்ள கண் பார்த்துவிடும். 1990களில் வந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றை உறைக்குள் வைத்து, இழுவிசையைச் சுற்றிலும் சமமாகப் பரப்புகிறார்கள். இந்த நோயாளிகளுக்கென்றே அரவிந்த் ஓர் ஆய்வை நடத்தி, அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பழகிய கைகளில், வெளிப்படையான தளர்ச்சி இல்லாத கண்களில், மற்றவர்களுக்குக் கிடைக்கும் பலன் இவர்களுக்கும் கிடைக்கிறது என்பது அதன் சாரம்.

ஆனால் நார்கள் அறுவையோடு நைவதை நிறுத்துவதில்லை. சிலருக்கு, சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, லென்ஸ் உறையோடு சேர்ந்து இறங்கிவிடும். அப்படி இறங்கி வெளியே எடுக்கப்பட்ட லென்ஸ்களை யூட்டா பல்கலைக்கழகத்தினர் நுண்ணோக்கியில் வைத்து 2015-இல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் உறை மீது தூள் இருந்தது. அவர்களில் பலருக்கு முதல் அறுவையின்போது அது இருப்பதாகவே யாரும் குறிக்கவில்லை.

தூளை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. அழுத்தம் ஏறினால் சொட்டு மருந்து, லேசர், தேவைப்பட்டால் அறுவை. இந்தக் கண்களில் அழுத்தம் ஒரே நாளுக்குள் நிறைய ஏறி இறங்கும்; கிளினிக்கில் ஒரு காலை நேரத்தில் பார்த்த எண்ணை மட்டும் நம்ப முடியாது. டாக்டர் திரும்பத் திரும்ப வரச் சொல்வதில் மறு கண்ணின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதலில் ஒரு கண்ணில்தான் தூள் தெரியும். அப்படிப்பட்டவர்களின் தூள் தெரியாத கண்ணில், வெண்விழியை மூடும் சவ்விலிருந்து ஒரு துணுக்கை எடுத்து 1980களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அங்கும் இழைகள் ஏற்கெனவே இருந்தன.